கிதாரின் பிரிட்ஜில் ஹம்பக்கர் போட்ட பிறகு சத்தம் மெலிந்துவிட்டது, இரைச்சல் கூடிவிட்டது

குடந்தைக் கம்பி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிதார், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் மூன்றும் ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில். பிரிட்ஜ் (கம்பிகள் கிதாரின் உடம்பில் மாட்டியிருக்கிற இடம்) பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு காயில் உள்ள ஒரு ஹம்பக்கர் மாட்டினேன். உள்ளே பள்ளம் ஏற்கெனவே அகலமாக வெட்டியிருந்தது, அதனால் மரத்தில் கை வைக்கவில்லை. மேல்தட்டு மட்டும் புதிது.

பிக்கப் இணையத்தில் வாங்கியது. பெயர் எதுவும் அச்சிடவில்லை, கூடவே ஒயரிங் படமும் வரவில்லை. நான்கு வண்ண ஒயர், தோல் இல்லாத வெறும் ஒயர் ஒன்று. எங்கே தேடினாலும் முதலில் வருகிற செய்மோர் டங்கன் என்கிற பிக்கப் கம்பெனியின் படத்தைப் பார்த்துக் கட்டினேன். கறுப்பு ஸ்விட்சுக்கு. பச்சையும் வெறும் ஒயரும் கிரவுண்டுக்கு. சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் வைத்து டேப் சுற்றியாயிற்று. அப்படியே உள்பள்ளம் முழுக்கச் செம்பு டேப்பும் ஒட்டினேன்.

இப்போது நெக் (கழுத்துப் பக்கம்), நடு இரண்டு பிக்கப்பும் முன்பு மாதிரியே இருக்கின்றன. பிரிட்ஜுக்கு மாற்றினால் சத்தம் பாதியாகிவிடுகிறது. பாஸ் துளியும் இல்லை, கீச்சென்று மெலிந்து வருகிறது. டிஸ்டார்ஷன் போட்டால் ‘உம்ம்’ என்ற இரைச்சல் மற்ற இரண்டையும்விட அதிகம். ஹம்பக்கர் போட்டால் ஹம் போக வேண்டும் அல்லவா? கம்பியைத் தொட்டால் கொஞ்சம் குறைகிறது. இன்னொன்று: ஜாக் (கேபிள் சொருகுகிற துளை) தட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சத்தமே நின்றுவிடுகிறது, தளர்த்தினால் வருகிறது. ஊர்த் திருவிழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை ட்ரெமலோ:

உங்கள் வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கிற மின்தடை) 250 கே ஓம் தானே? ஸ்ட்ராட் என்றால் அதுதான் இருக்கும். ஹம்பக்கருக்கு 500 கே வேண்டும். வால்யூம் பாட்டை மாற்றுங்கள், சரியாகிவிடும். டோன் கெபாசிட்டரும் 0.022 மைக்ரோஃபாரட் போடுங்கள்.

நாகை கொயர்:

எனக்கு ஜாக் மேல்தான் சந்தேகம். எங்கள் பக்கம் கடல்காற்றில் ஜாக்கின் உள்பக்கம் பச்சை பூத்துவிடும். சர்ச்சில் வைத்திருக்கிற கிதாருக்கு கான்டாக்ட் க்ளீனர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டுக்கு நடுவில் விட்டுவிட்டு வரும். முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள்.

கீழவாசல் சவுண்டு:

தம்பி, எதையும் வாங்காதீர்கள், எதையும் இப்போதைக்குக் கழற்றவும் வேண்டாம். மல்டிமீட்டர் இருக்கிறதா?

மன்னைத் தம்பி சொன்ன 250, 500 கணக்கு பொதுவாகச் சரிதான். ஆனால் அது இந்த நோய்க்கு மருந்து இல்லை. பாட் மதிப்பு குறைந்தால் மேல் ஸ்வரங்களின் கூர்மை குறையும், சத்தம் மந்தமாகும். இவருக்கு நடப்பது நேர் எதிர்: கூர்மை மட்டும் மிஞ்சி, அடி போய்விட்டது. 500 போட்டால் இன்னும் கீச்சிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஜாக் தட்டைத் தளர்த்தியே வையுங்கள். கிதாரில் கேபிளைச் சொருகி, ஆம்பில் சொருக வேண்டிய மறுமுனையை மீட்டரில் பிடியுங்கள். பிளக்கின் நுனியில் ஒரு முனை, தண்டில் ஒரு முனை. 20 கே ஓம் ரேஞ்ச். வால்யூம், டோன் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஸ்விட்சின் ஐந்து நிலையிலும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். அப்புறம் தட்டை இறுக்கிவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். கிதாரைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குடந்தைக் கம்பி:

அளந்துவிட்டேன் அண்ணே. நெக் 5.6, நடு 5.7, பிரிட்ஜ் 7.8. நெக்கும் நடுவும் சேர்ந்தால் 2.8, நடுவும் பிரிட்ஜும் சேர்ந்தால் 3.3. தட்டை இறுக்கினால் எல்லா நிலையிலும் பூஜ்யம்.

மன்னை ட்ரெமலோ:

7.8 என்றால் ஹம்பக்கருக்கு நல்ல ரீடிங். அப்போது பிக்கப்பில் கோளாறு இல்லை. காந்தம் பலவீனமாக இருக்கலாம். விலை குறைந்த பிக்கப்பில் அது நடக்கும், வேறு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

கீழவாசல் சவுண்டு:

பொறுங்கள், இரண்டு கோளாறு தனித்தனியாக இருக்கிறது. சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம்.

தட்டை இறுக்கியதும் பூஜ்யம் என்றால் ஷார்ட். பச்சை பூத்த ஜாக் இப்படிக் காட்டாது, அது தொடர்பை அறுக்கும். ரீடிங் ஏறும், இல்லையென்றால் துள்ளும். இங்கே ஜாக்கின் நுனித் தொடர்பு, அந்த வளைந்த நாக்கு, செம்பு டேப்பில் முட்டுகிறது. பிளக் உள்ளே போகும்போது நாக்கு வெளிப்பக்கம் தள்ளும், அதனால் பிளக் இல்லாமல் பார்த்தால் இடைவெளி இருப்பது மாதிரித்தான் தெரியும். ஜாக்கைக் கொஞ்சம் திருப்பி நாக்கை அகலமான பக்கம் பார்க்க வையுங்கள். முட்டுகிற இடத்தில் செம்பின் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். செம்பு ஒட்டியவர்களுக்கெல்லாம் முதலில் வருகிற தலைவலி இதுதான்.

இனி அந்த 7.8. மீட்டர் பிக்கப்பை மட்டும் பார்க்கவில்லை, அதற்கு இணையாக நிற்கிற 250 கே பாட்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அதனால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். உங்கள் பிக்கப் தனியாக 8 கே சுமாருக்கு இருக்கும். டோன் பாட் கணக்கில் வராது, அதோடு இருக்கிற கெபாசிட்டர் மீட்டரின் டிசியைத் தடுத்துவிடும். காயில் அறுந்திருந்தால் மீட்டர் 250 கே சுமாரில் நிற்கும், 20 கே ரேஞ்சில் அளவு மீறியது என்பதற்கு ‘1’ என்று காட்டும். ஒரு காயில் மட்டும் வேலை செய்தால் 4. இரண்டும் இணையாகக் கட்டியிருந்தால் 2. உங்களுக்கு 8 வருவதால் இரண்டு காயிலும் முழுசாக இருக்கின்றன, தொடராகவும் இருக்கின்றன. அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஓம் மீட்டருக்குத் திசை தெரியாது. ஒரு காயிலைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினாலும் அதே 8 தான் வரும். ஆம்பில் கேட்கிற சத்தம் என்னவோ முற்றிலும் வேறு. நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் படித்ததுமே எனக்கு அதுதான் தோன்றியது.

ஆரூர் பேஸ்:

இதைக் கொஞ்சம் விளக்குங்களேன் அண்ணே. ஒயரைத் திருப்பினால் பாஸ் போவது புரிகிறது. ஹம் ஏன் கூடுகிறது?

கீழவாசல் சவுண்டு:

நல்ல கேள்வி. ஹம்பக்கரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றியது. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறி காயிலில் சிறு மின்சாரம் பிறக்கிறது. ஆனால் வீட்டில் ஓடுகிற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் டிரான்ஸ்பார்மர், ஃபேன் எல்லாவற்றையும் சுற்றி இதே மாதிரி ஒரு புலத்தைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. காயிலுக்குக் கம்பி எது, டிரான்ஸ்பார்மர் எது என்று தெரியாது.

கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் வடதுருவம் மேலே, மற்றொன்றில் தென்துருவம் மேலே. அதோடு ஒன்றை மற்றதற்கு எதிர்த்திசையில் இணைத்தார். கம்பியின் அதிர்வில் பிறக்கிற மின்சாரம் காந்தத்தைச் சார்ந்தது, அதில் துருவமும் மாறுகிறது, சுற்றும் மாறுகிறது. இரண்டு முறை திரும்பியதால் பழைய திசைக்கே வந்து சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து வருகிற ஹம்முக்குப் பிக்கப்பின் துருவம் ஒரு பொருட்டே இல்லை. அது ஒருமுறைதான் திரும்புகிறது, அதனால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

இப்போது ஒரு காயிலை மட்டும் மாற்றிக் கட்டினால் கணக்கு அப்படியே தலைகீழ். ஹம் இரண்டும் சேர்ந்துவிடும், கம்பியின் சத்தம் அழிந்துவிடும். ஏரில் பூட்டிய இரண்டு மாடும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது மாதிரி. முழுக்க அழியாமல் கீச்சு மிஞ்சுவது ஏன் என்றால், இரண்டு காயிலும் கம்பியின் கீழே சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தாழ்ந்த ஸ்வரத்தின் நீண்ட அலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், அழிந்துவிடும். மேல் ஸ்வரங்களின் குறுகிய அலைகள் இரண்டுக்கும் வேறுவேறாகத் தெரியும், தப்பித்துக்கொள்ளும்.

பாஸ் போய், சத்தம் குறைந்து, ஹம் கூடி, ஓம் மட்டும் சரியாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காந்தம் பலவீனமாக இருந்தால் சத்தம் குறையும், ஆனால் ஹம் கூடாது.

நாகை கொயர்:

ஆனால் செம்பு டேப் ஒட்டியும் ஹம் வருகிறதே? ஷீல்டிங் செய்தால் ஹம் போகும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

கீழவாசல் சவுண்டு:

செம்பு மின்புலத்தைத் தடுக்கும். ட்யூப்லைட், டிம்மர், ஒயரிங்கிலிருந்து வருகிற ‘ஸ்ஸ்ர்’ என்ற கரகரப்பு குறையும். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அந்த மெல்லிய செம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதைச் சமாளிக்க இரண்டு காயில்தான் வேண்டும். ஒட்டியது வீண் இல்லை, இருக்கட்டும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் மீட்டர் பீப் அடிக்கிறதா, கடைசியில் கிரவுண்டோடு சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில டேப்பில் பசை மின்சாரம் கடத்தாது, துண்டுகள் தனித்தனியாக நிற்கும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும்.

தம்பி, இப்போது திசையைப் பார்ப்போம். கேபிள் அதே மாதிரி மீட்டரில். இந்த முறை டிசி 200 மில்லி வோல்ட். ஊசி மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஊசி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதில் இருப்பதிலேயே குறைந்த டிசி ரேஞ்ச் வையுங்கள். ஸ்விட்ச் பிரிட்ஜ் நிலையில். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் இரும்பை ஹம்பக்கரின் ஒரு வரிசை மேல் வைத்து, வெடுக்கென்று மேலே எடுங்கள். எடுக்கிற நொடியில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இன்னொரு வரிசை மேல் அதே மாதிரி. நல்ல ஹம்பக்கரில் இரண்டும் ஒரே பக்கம் துள்ளும்.

குடந்தைக் கம்பி:

செய்தேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பழைய ஊசி மீட்டர் இருந்தது. ஸ்க்ரூ தெரிகிற வரிசையிலிருந்து எடுத்தால் ஊசி வலப்பக்கம் ஏறுகிறது. மொழுமொழுவென்று இருக்கிற வரிசையிலிருந்து எடுத்தால் பூஜ்யத்துக்குக் கீழே இழுத்து இடப்பக்கம் இடிக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தும் இதேதான். நடு பிக்கப்பில் வலப்பக்கம், நெக்கிலும் வலப்பக்கம்.

கீழவாசல் சவுண்டு:

அவ்வளவுதான், பிடித்தாயிற்று. பிக்கப்புக்கு உள்ளேயே ஒரு காயில் எதிர்த்து நிற்கிறது.

படம் தப்பில்லை, வேறு பிக்கப்புக்கான படம். ஒயர் வண்ணத்துக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம் கிடையாது. செய்மோர் டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், பச்சையும் சிவப்பும் இன்னொரு காயில். டிமார்சியோ என்கிற இன்னொரு கம்பெனியில் சிவப்பும் கறுப்பும் ஒரு காயில், பச்சையும் வெள்ளையும் இன்னொன்று. அங்கே ஹாட் (ஸ்விட்சுக்குப் போகிற ஒயர்) சிவப்பு, சேர்த்துக் கட்ட வேண்டியது கறுப்பும் வெள்ளையும். இரண்டிலும் அதே நான்கு நிறம், இரண்டிலும் கிரவுண்ட் பச்சை. பார்த்தால் ஒன்று மாதிரியே தோன்றும். பெயரில்லாத பிக்கப் இரண்டில் எதையும் பின்பற்றலாம், மூன்றாவதாக ஒன்றையும் பின்பற்றலாம்.

அதனால் நிறத்தை நம்பாமல் அளந்துவிடுங்கள். நான்கையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று தொடாமல் விரித்து வைத்து, எந்த இரண்டுக்கு நடுவில் 4 கே வருகிறது என்று பாருங்கள்.

குடந்தைக் கம்பி:

சிவப்பு–கறுப்பு 4.0. பச்சை–வெள்ளை 4.0. மற்ற எந்த ஜோடியிலும் ஒன்றும் காட்டவில்லை. வெறும் ஒயர் எதோடும் சேரவில்லை, அடித்தட்டோடு மட்டும் பீப் அடிக்கிறது.

கீழவாசல் சவுண்டு:

அப்போது டிமார்சியோ முறை ஜோடிதான். நீங்கள் கட்டியதில் மின்சாரம் கறுப்பில் நுழைந்து, முதல் காயிலைப் பின்னாலிருந்து முன்னால் கடந்து, சிவப்பு வழியாக வெள்ளைக்குப் போய்ப் பச்சையில் முடிந்தது. தொடர்தான், ஆனால் முதல் காயில் தலைகீழ். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றுங்கள். சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து டேப், பச்சையும் வெறும் ஒயரும் இருந்த இடத்திலேயே.

பாட் முதுகில் கிரவுண்ட் வைத்தது உருண்டையாக, மங்கலாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். 25 வாட் அயர்னை அங்கே வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஈயம் உருகுவதற்குள் பாட்டின் உள்ளே கரித்தடம் வெந்துவிடும். தகட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, 60 வாட் அயர்னில் சட்டென்று வைத்துச் சட்டென்று எடுங்கள். ஈயம் தகட்டில் ஊறிப் பரவ வேண்டும். ரோஸின் ஃப்ளக்ஸ் மட்டும் போதும். குழாய், தகர வேலைக்கு விற்கிற ஆசிட் பக்கமே போகாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் ஒயரைத் தின்றுவிடும்.

கட்டி முடித்ததும் மூடுவதற்கு முன் மறுபடி ஊசிச் சோதனை. இரண்டு வரிசையும் வலப்பக்கம் துள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் போனால் ஹம்பக்கர் தனியாக நன்றாக இருக்கும், ஆனால் நடு பிக்கப்போடு சேர்கிற இரண்டாம் நிலையில் மெலியும். அப்போது சிவப்பும் பச்சையும் இடம் மாற வேண்டும்.

குடந்தைக் கம்பி:

அண்ணே, வந்துவிட்டது! ஊசி இரண்டு வரிசைக்கும் வலப்பக்கம். பாஸ் கம்பியைத் தட்டினால் நெஞ்சில் கேட்கிறது. டிஸ்டார்ஷனில் கையை எடுத்தாலும் பிரிட்ஜ் நிலையில் ஆம்ப் கிட்டத்தட்ட அமைதி. இரண்டாம் நிலையும் நிறைவாக இருக்கிறது. ஜாக் நாக்கைத் திருப்பி டேப் ஒட்டினேன், தட்டை இறுக்கினாலும் 7.8 அசையவில்லை. மிக்க நன்றி.

மிச்சம் ஒன்று. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது எல்லா நிலையிலும் ‘ஜ்ர்ர்’ என்று ஒரு கடுமையான இரைச்சல். கரண்ட் வந்ததும் போய்விடுகிறது.

ஆரூர் பேஸ்:

அது கிதாரின் வேலை இல்லை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சைன் அலை தருவதில்லை, சதுர அலை தருகின்றன. அதன் கிளை அதிர்வெண்கள் மேலே வெகுதூரம் போகும், ஆம்பின் பவர் சப்ளை வழியாகவும் நுழையும். ஃபேன் ஸ்டெப் ரெகுலேட்டரில் சத்தம் வராது, வழவழவென்று சுற்றுகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் பாதி வேகம் வைத்தால் இதே சத்தம் வரும். பயிற்சிக்குக் கரண்ட் இருக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப்.

திருவிழா என்றீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், அதிலிருந்து கிழிந்த ஒயர், மூன்றாவது பின் ஒடிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று எவ்வளவோ பார்த்தாயிற்று. கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக்கின் வலை மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படுகிறபோது மின்சாரம் உடம்பு வழியாகத்தான் போகும். ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். மழை பெய்து ஈரமான பந்தலில், வெறுங்காலில் நின்று வாசிக்கிற நமக்கு இது இன்னும் பக்கத்தில் இருக்கிற ஆபத்து.

பாடத் தொடங்குவதற்கு முன் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியில், மற்றதை மைக் வலையில் பிடியுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். பத்துக்கணக்கில் காட்டினால், உள்ளங்கையில் சுள்ளென்று இழுத்தால், எவ்வளவு கூட்டம் காத்திருந்தாலும் தொடாதீர்கள்.

கீழவாசல் சவுண்டு:

நூற்றுக்கு நூறு உண்மை. ஹம் போகிறது என்று ஆம்பின் எர்த் பின்னை எடுத்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வீட்டிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடுகிற ஸ்விட்ச்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்ததோடு மறந்துவிடுவார்கள். கோடையில் களிமண் வெடித்துக் குழி காய்ந்துபோகும், அப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மன்னை ட்ரெமலோ:

இதைப் படித்துவிட்டு என் கிதாரிலும் ஊசிச் சோதனை செய்தேன். அது இரண்டு ஹம்பக்கர் கிதார். தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கின்றன, நடு நிலையில் மூக்கால் பாடுகிற சத்தம். நெக் இரண்டு வரிசையும் வலப்பக்கம், பிரிட்ஜ் இரண்டு வரிசையும் இடப்பக்கம். பிரிட்ஜில் நான்கு ஒயர் இல்லை அண்ணே, நடுவில் ஒரே ஒயர், அதைச் சுற்றி வலை, மேலே உலோக மூடி. இரண்டையும் மாற்றிக் கட்டிவிடலாமா?

கீழவாசல் சவுண்டு:

கூடாது தம்பி. அந்த வலை உலோக மூடியோடும் அடித்தட்டோடும் சேர்ந்தது. மாற்றிக் கட்டினால் மூடி முழுக்க ஹாட் ஆகிவிடும், கை பட்டாலே இரையும். கம்பி மூடியில் பட்டால் சத்தம் நின்றுவிடும். நெக்கில் நான்கு ஒயர் இருந்தால் அதைத் திருப்புங்கள், பிரிட்ஜைத் தொடவே வேண்டாம். இரண்டுமே ஒற்றை ஒயர் என்றால், உள்ளே காயிலின் கிரவுண்ட் முனையை அடித்தட்டிலிருந்து பிரித்து அதற்குத் தனி ஒயர் கொண்டுவர வேண்டும். அதற்கு மூடியின் ஓரத்து ஈயத்தை உருக்கித் திறக்க வேண்டியிருக்கும், உள்ளே மெழுகும் முடிமாதிரிக் கம்பியும் இருக்கும். வீட்டில் முயல வேண்டாம், கடைக்குக் கொண்டுவாருங்கள்.